கென்ஸோ ஷிராய்: பள்ளிப் பருவத்தில் ஓர் உலகப் பட்டம்

"ஜப்பானின் கென்ஸோ ஷிராய் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே ஜிம்னாஸ்டிக்ஸில் உலக சாம்பியன் ஆனது எப்படி? உடம்பைத் திருகுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது, ஒரே வித்தையை வைத்துக்கொண்டு பிழைத்தவர் என்று சிலர் சொல்வது சரியா?" என்பது கேள்வி.

இரண்டாவது பாதிக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: சரியில்லை. ஆனால் 2013இல் அப்படிச் சொன்னவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. அந்த நியாயம் எங்கே தொடங்கி எங்கே தீர்ந்துபோனது என்பதைப் பார்த்தால் முதல் பாதிக்கும் விடை கிடைத்துவிடும்.

அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. நாட்காட்டி கொடுத்த அதிர்ஷ்டம் அது. ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டில் வரும் உலக சாம்பியன்ஷிப்பில் அணிப் பிரிவு நடத்துவதில்லை. தனிநபர் பிரிவுகள் மட்டும்தான். லண்டன் ஒலிம்பிக்கை அடுத்து 2013இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்தது அத்தகைய போட்டி. அணிப் போட்டி இருக்கும் ஆண்டுகளில் தேர்வாளர்கள் ஒரு பையனைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, இவனை எத்தனை கருவிகளில் இறக்கலாம் என்பதுதான். ஆண்களுக்கு ஆறு: ஃப்ளோர் (தரைத் தளம்), பாமல் ஹார்ஸ் (கைப்பிடி வைத்த குதிரை), ரிங்ஸ் (வளையங்கள்), வால்ட் (மேசையைத் தாண்டும் தாவல்), பேரலல் பார்ஸ் (இணைக் கம்பிகள்), ஹை பார் (உயரக் கம்பி). ஒன்றிரண்டில் மட்டும் மின்னுகிறவனை அணியில் சேர்த்தால் மற்றவற்றின் சுமை மீதிப் பேர் தலையில் விழும். அணியே இல்லாத ஆண்டில் அந்தக் கணக்குக்கு வேலையில்லை. ஒரு கருவியில் பதக்கம் வாங்கிவருவான் என்று தோன்றினால் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த ஆண்டு ஜப்பான் அப்படித்தான் செய்தது. பாமல் ஹார்ஸ் ஒன்றையே நம்பியிருந்த கோஹெய் கமேயாமாவும் ஆன்ட்வெர்ப் போய்த் தங்கத்தோடு திரும்பினார். ஃப்ளோருக்கும் வால்ட்டுக்குமாகப் போனவர் ஷிராய். உலக சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் பிரிவுக்கு ஜப்பான் அனுப்பிய முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் அவர்தான்.

கதவு திறந்திருந்தது என்பது சரி. உள்ளே நுழையும்போது கையில் என்ன இருந்தது என்பதுதான் விஷயம்.

ஷிராய் 1996 ஆகஸ்ட் 29 அன்று யோகொஹாமாவில் பிறந்தார். மூன்று ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா, அம்மா இருவருமே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநர்கள். ட்சுருமி பகுதியில் சிறுவர்களுக்கான பயிற்சி கிளப் ஒன்றை நடத்திவந்தார்கள். அண்ணன்கள் இருவரும் அந்த விளையாட்டில்தான் இருந்தார்கள். பெற்றோரின் வேலையிடமே பயிற்சிக்கூடம் என்பதால் இவருக்கும் அதுதான் விளையாட்டுத் திடல். அங்கே டிராம்போலின் இருந்தது. ஷிராயின் குழந்தைப் பருவத்தைப் பற்றி யார் எழுதினாலும் அந்த டிராம்போலினைத் தொடாமல் போவதில்லை. அது அலங்காரத்துக்காகச் சொல்லும் தகவலன்று. பின்னால் வந்த எல்லாமே அங்கிருந்துதான் புறப்பட்டன.

கெட்டியான தரையில் ஒரு சிறுவன் பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்தால் காற்றில் இருக்கும் நேரம் கண்சிமிட்டும் பொழுதுதான். ஒரு திருகலை, அதாவது உடலை நீளவாட்டு அச்சில் ஒரு சுற்றுத் திருப்புவதை, சேர்க்க நினைப்பதற்குள் கால் தரையைத் தொட்டுவிடும். டிராம்போலினில் அந்த நேரம் பெருகுகிறது. விழுந்தாலும் அடிபடுவது குறைவு. ஆகவே நூறு தடவை முயன்று பார்க்கலாம். அப்படி முயன்று பார்க்கிற பிள்ளைக்கு ஒரு புலன் வளர்கிறது: காற்றில் சுழன்றுகொண்டே, தலை எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறிகிற புலன். பெரிய வயதில் இதைச் சொல்லிக்கொடுப்பது மிகக் கடினம். பலம் பிறகு வரும், நெகிழ்வைக்கூடப் பயிற்சியால் ஓரளவு கொண்டுவந்துவிடலாம். இந்த இட உணர்வு மட்டும் பயம் அறியாத வயதில் வந்தால்தான் உண்டு.

ஜப்பானுக்கு இது புதிய கதையுமில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மிட்சுவோ ட்சுகஹாரா ஹை பாரிலிருந்து இறங்கும்போது, உலகம் அதுவரை பார்த்திராத இரட்டைக் குட்டிக்கரணத்தைத் திருகலோடு செய்துகாட்டினார். 'மூன்சால்ட்டோ' என்று பேர் பெற்ற அந்த வித்தையை அவர் எடுத்துக்கொண்டது டிராம்போலின்காரர்களிடமிருந்து. நாற்பது ஆண்டுக்குப் பிறகு யோகொஹாமாவில் ஒரு சிறுவன் அதே ஊற்றில் நீர் மொண்டான் என்று சொல்லலாம்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஷிராய்க்கு மூத்த ஜப்பானிய நட்சத்திரம் கோஹெய் உச்சிமுரா தன் 15ஆம் வயதில் நாகசாகியிலிருந்த வீட்டைவிட்டு டோக்கியோவுக்குப் பயிற்சிக்காகப் போனவர். பெரும்பாலான ஜப்பானிய நட்சத்திரங்களின் கதை இந்த மாதிரிதான்: பெரிய கிளப், அல்லது ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பேர்போன பள்ளி. ஷிராய் யோகொஹாமாவிலேயே கிஷினே என்ற அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பயிற்சி பெற்றோரின் கிளப்பில். பெரிய பள்ளியில் சேர்ந்திருந்தால் ஆறு கருவிகளையும் சமமாக வளர்க்கச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். வீட்டுக் கிளப்பில் இருந்ததால் பிடித்ததில் எல்லை தாண்டிப் போக முடிந்தது.

"ஆறையும் சமமாக" என்பது ஜப்பானில் கிட்டத்தட்ட ஒரு மதம். 1960 ரோம் முதல் 1976 மான்ட்ரியல் வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து ஆண்கள் அணித் தங்கம் அவர்களுடையது. ஆறு கருவிகளின் கூட்டுப் புள்ளிக்குத் தரும் ஆல்ரவுண்டு பட்டத்தை யுகியோ எண்டோ, சவாவோ கத்தோ, கோஜி குஷிகென் என்று வரிசையாக வென்றிருக்கிறார்கள். ஷிராய் வளர்ந்த காலத்தில் அந்தப் பீடத்தில் இருந்தவர் உச்சிமுரா: ஆறிலும் சுத்தம், எதிலும் அவசரமில்லை, காலும் விரல்நுனியும் ஒரு கோடு. அழகான ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் ஜப்பானியர்களுக்கு அதுதான். அப்படிப்பட்ட நாட்டில் ரிங்ஸ், பாமல் ஹார்ஸ் இரண்டிலும் சாதாரணமான, ஃப்ளோரில் மட்டும் பம்பரமாகச் சுழல்கிற ஒரு பையனைப் பார்த்துப் புருவம் உயர்த்தியவர்கள் இருந்தார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. திருகலின்போது கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன என்ற குறையும் அவரைத் தொடர்ந்து வந்தது. குறை உண்மையானதுதான், அதற்கு நடுவர்கள் புள்ளியைக் கழிக்கவும் செய்தார்கள்.

ஆனால் புள்ளி முறை அவருக்குச் சாதகமாக மாறியிருந்தது. 2006க்கு முன் எந்த ஆட்டமும் பத்தைத் தாண்ட முடியாது. 2004 ஏதென்ஸில் எழுந்த புள்ளிச் சர்ச்சைகளுக்குப் பிறகு அதை மாற்றி, இரண்டு கணக்காகப் பிரித்தார்கள். செய்யும் வித்தைகள் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு புள்ளி, அதற்கு உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு இன்னொன்று, பத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவது. இரண்டையும் கூட்டினால் மொத்தம். பழைய முறையாக இருந்தால், பத்தை எட்டப் போதுமான கடினம் வந்ததும் அதற்கு மேல் முயல்வதில் ஆதாயம் குறைவு. புதிய முறையில் நான்காவது திருகலுக்கும் விலை உண்டு.

பதினேழு வயதில் ஏன் ஃப்ளோரும் வால்ட்டும் மட்டும்? உடம்பின் கணக்கு அது. ரிங்ஸில் கைகளை அகல விரித்து உடலைச் சிலுவைபோல் நிறுத்த ஆண்டுக்கணக்கில் ஏறுகிற தோள்பலம் வேண்டும். அது இருபதைத் தாண்டித்தான் பலருக்கும் கைகூடும். ஃப்ளோருக்கும் வால்ட்டுக்கும் வேண்டியது கால் விசையும் காற்றில் இருக்கும் இட உணர்வும். இவை பதின்வயதிலேயே முற்றிவிடக்கூடியவை. 160 சென்டிமீட்டரை ஒட்டிய உயரமும் உதவியது: குட்டையான, ஒடுங்கிய உடல் எளிதில் சுழலும்.

இனி ஷிராய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்த வித்தைக்கு, ஒரே தாவலில் நான்கு திருகலுக்கு, வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் தொலைக்காட்சியில் பார்க்கும்போது இரண்டா, மூன்றா, நான்கா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

பன்னிரண்டு மீட்டர் சதுரத் தளத்தின் ஒரு மூலையிலிருந்து ஓடிவருகிறார். பக்கவாட்டில் ஒரு கரணம், அதிலிருந்து கைகளை ஊன்றிப் பின்னோக்கி ஒரு துள்ளல். இந்த இரண்டும் வேகத்தைத் திரட்டத்தான். பிறகு இரண்டு பாதங்களும் தளத்தை அறைந்து, உடல் முழுவதும் ஒரு கோல்போல் நீண்டு மேலே எழுகிறது. கால் தரையைவிட்டு எழுந்து மீண்டும் தொடுவதற்குள் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடி. அதற்குள் உடல் தலைகீழாக ஒரு முழுச் சுற்று வரவேண்டும். அதே சமயத்தில் தன் நீளவாட்டு அச்சில் நான்கு முறை, அதாவது 1440 பாகை, திரும்பவேண்டும். உடலை மடக்காமல் நீட்டி வைத்திருப்பதால் தலைகீழ்ச் சுற்று மெதுவாக நடக்கிறது. கைகளை மார்போடு ஒடுக்கிக்கொள்வதால் திருகல் வேகமாகிறது. பௌதிகப் பாடத்தில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுவார்களே, அதே விதிதான்.

சுழலத் தொடங்குவது சிரமம்தான், ஆனால் அதைவிடச் சிரமம் நிறுத்துவது. அவ்வளவு வேகத்தில் திருகிக்கொண்டிருக்கும் உடலைத் தரைக்குச் சற்று மேலே கைகளை விரித்து அடக்கி, பாதங்கள் நேராகத் தளத்தைச் சந்திக்கும்படி செய்யவேண்டும். கொஞ்சம் முந்தி நிறுத்தினால் திருகல் குறைந்துபோகும். 90 பாகைக்கு மேல் குறைந்தால் நடுவர்கள் அதை நான்காகவே ஏற்கமாட்டார்கள். கொஞ்சம் பிந்தினால் மேல் உடல் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பாதம் தளத்தில் பதிந்துவிடும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்கும். வேகமாகத் திருகக்கூடியவர்கள் அக்காலத்திலும் சிலர் இருந்தார்கள். அதை அடக்கித் தரையிறங்கத் தெரிந்தவர் என்பதுதான் ஷிராயின் தனித்தன்மை. ஒரே வித்தைக்காரர் என்று சொல்கிறவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

அந்த வித்தையை அவர் எங்கே வைத்தார் என்பதும் முக்கியம். கடினமானதை முதலில் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு எளியதில் முடிப்பதே எல்லோரும் செய்வது. ஆண்கள் ஃப்ளோருக்கு அப்போது நேரம் 70 நொடி; கடைசித் தாவல் வரும்போது தொடைகள் கல்லாகிவிட்டிருக்கும். ஷிராய் நான்கு திருகலை அந்தக் கடைசித் தாவலாக வைத்தார். பார்க்கிறவர்களுக்குத் திமிர்போலத் தெரியலாம். எனக்கு அது கணக்காகத்தான் படுகிறது: ஆட்டத்தின் நடுவில் வித்தைகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்தால் கூடுதல் புள்ளி. இரண்டரை, மூன்றரை என்று அரைத் திருகலோடு முடித்தால் போகும் திசையைப் பார்த்தபடி இறங்கலாம், உடனே முன்னோக்கிய கரணத்துக்குத் தாவலாம். நான்கு என்பது முழு எண். முகம் வந்த பக்கம் பார்த்துத்தான் நிற்கும். அதிலிருந்து முன்னோக்கிக் கோக்க முடியாது. ஆகவே அதன் இயல்பான இடம் முடிவுதான்.

ஆன்ட்வெர்ப் இறுதிப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 16.000. வெள்ளி வாங்கிய அமெரிக்கர் ஜேக் டால்டன் 15.600. வெண்கலம் 15.500 எடுத்த உச்சிமுராவுக்கு. அந்த வாரம்தான் உச்சிமுரா தொடர்ந்து நான்காவது முறையாக உலக ஆல்ரவுண்டு பட்டத்தை வென்றிருந்தார். ஃப்ளோரில் 2011இன் உலக சாம்பியனும் அவரே. பதினேழு வயது ஒரு மாதத்தில் பள்ளி மாணவர் ஒருவர் அவரை அரைப் புள்ளி வித்தியாசத்தில் முந்தினார். இந்த விளையாட்டில் அரைப் புள்ளி என்பது ஒரு மைல். வால்ட் இறுதியிலும் நான்காம் இடம்.

தங்கத்தைவிட நீண்டகாலம் நிற்கப்போவது வேறு ஒன்று. புதிய வித்தை ஒன்றை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டியில் தவறாமல் செய்துகாட்டினால், சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் விதிப் புத்தகத்தில் அதற்குச் செய்தவரின் பெயர் வைக்கப்படும். பலர் வாழ்நாள் முழுக்க ஒன்றுக்காகக் காத்திருப்பார்கள். ஷிராய்க்கு முதல் உலகப் போட்டியிலேயே மூன்று. பின்னோக்கிய நான்கு திருகல், 'ஷிராய்–நுயென்' ஆனது. ஜெர்மனியின் மார்செல் நுயெனுக்கும் அதில் பங்கு. முன்னோக்கிய மூன்று திருகல், 'ஷிராய் 2'. மூன்றாவது வால்ட்டில். ஓடிவந்து, பக்கவாட்டுக் கரணத்தோடு பலகையை மிதித்து, பின்னோக்கிச் சென்று மேசையைக் கைகளால் தள்ளி எழும்புகிற அந்த வகைத் தொடக்கத்துக்கு சோவியத் வீராங்கனை நதாலியா யூர்சென்கோவின் பெயர். அதில் மூன்று திருகலைச் சேர்த்தார். தென்கொரியாவின் கிம் ஹீ ஹூனும் அதே போட்டியில் அதையே செய்ததால் பெயரைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

இத்துடன் கதை நின்றிருந்தால் ஒரே வித்தைக்காரர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 2014இல் சீனாவின் நான்னிங் நகரில் நடந்த உலகப் போட்டியின் ஃப்ளோர் இறுதியில் ரஷ்யாவின் டெனிஸ் அப்லியாஸின் 15.750 எடுத்தார், ஷிராய் 15.733. வித்தியாசம் 0.017. அதே போட்டியில் அணித் தங்கத்தையும் ஜப்பான் சீனாவிடம் கடைசிக் கருவியில் இழந்தது, வெறும் 0.1 புள்ளியில். ஆறு பேரும் ஆறு கருவிகளும் சேர்ந்து எடுத்தது 270க்கும் மேற்பட்ட புள்ளிகள். அதில் ஒரு சின்னக் காலடி நகர்வின் அளவே வித்தியாசம். தரையிறங்கும்போது பாதம் சற்று நகர்ந்தால் கழிப்பது சரியாக 0.1தான்.

2015 வசந்தத்தில் பள்ளியை முடித்து, உச்சிமுரா படித்த நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு கிளாஸ்கோ உலகப் போட்டியில் அவருடைய தொடக்கக் காலம் உச்சத்தைத் தொட்டது. அணி இறுதியில் ஃப்ளோரில் 16.325. உச்சிமுராவே ஹை பாரிலிருந்து விழுந்தும், ஜப்பான் பிரிட்டனை அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தாண்டித் தங்கம் வென்றது. 1978க்குப் பிறகு உலகப் போட்டியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் அணித் தங்கம். அந்தக் கணக்கிலிருந்து ஷிராயின் ஃப்ளோரை எடுத்துவிட்டுச் சாதாரண 15.3 ஒன்றை வைத்துப் பாருங்கள், தங்கம் கைமாறிவிடும். ஒரு கருவிக்காரனை அணியில் வைப்பது வீண் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. ஃப்ளோர் இறுதியில் 16.233 எடுத்துப் பட்டத்தையும் மீட்டார். வெள்ளி வாங்கிய பிரிட்டனின் மேக்ஸ் விட்லாக்கின் புள்ளி 15.566. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இவ்வளவு இடைவெளி அபூர்வம்.

அந்த ஆண்டு டிசம்பரில், ஜப்பானில் நடந்த டொயோட்டா சர்வதேசப் போட்டியில் இன்னொன்றைக் காட்டினார்: உடலை மடக்காமலே பின்னோக்கி இரண்டு குட்டிக்கரணம், கூடவே மூன்று திருகல். நான்கு திருகலில் சுற்று ஒன்றுதான். இதில் சுற்றே இரண்டு. 'ஷிராய் 3' என்ற பேரோடு, கடினத்தில் எச் என்ற எழுத்தைப் பெற்றது. ஏ, பி என்று எளியதிலிருந்து ஏறிக்கொண்டே போகும் வரிசையில், ஃப்ளோரில் எச் அப்போது கேள்விப்படாத உயரம். திருகத்தான் தெரியும் என்று சொன்னவர்களுக்கு எழும்பவும் தெரியும் என்று காட்டிய வித்தை இது.

2016 ரியோ. இருபது வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. அணி இறுதியில் ஜப்பானின் கடைசிக் கருவி ஃப்ளோர். ஷிராய் 16.133 எடுத்துக் கொடுத்தார். 2004 ஏதென்ஸுக்குப் பிறகு மீண்டும் அணித் தங்கம். அதே புள்ளியைத் தனிநபர் இறுதியிலும் எடுத்திருந்தால் தங்கம் அரைப் புள்ளி வித்தியாசத்தில் அவருடையது. எடுக்கவில்லை. தரையிறங்கல்கள் சறுக்கி 15.366இல் நின்றார். விட்லாக் தங்கம், பிரேசிலின் டியாகோ இப்போலிட்டோவும் ஆர்த்தர் நோரியும் வெள்ளி, வெண்கலம். ஷிராய் நான்காவது. இந்திய வாசகர்களுக்கு அந்த நாள் வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும்: ஆகஸ்ட் 14 அன்று அதே அரங்கில்தான் தீபா கர்மாகரும் வால்ட்டில் 0.15 வித்தியாசத்தில் நான்காம் இடத்தோடு திரும்பினார்.

மறுநாள் வால்ட் இறுதி. யூர்சென்கோ வகையில் இப்போது மூன்றரைத் திருகல். அதற்கும் பிறகு அவர் பெயரே வைக்கப்பட்டது. இரண்டு தாவல்களின் சராசரி 15.449, ருமேனியாவின் மூத்த வீரர் மரியான் டிராகுலெஸ்குவுக்கும் மிகச்சரியாக அதே புள்ளி. சமன் வந்தால் இரண்டு தாவல்களில் எவருடையது அதிகபட்சம் என்று பார்ப்பார்கள். அந்த மூன்றரைத் திருகல் வெண்கலத்தை ஷிராயின் பக்கம் சாய்த்தது. முதல் நாள் எதிர்பார்த்த தங்கம் போய், மறுநாள் எதிர்பாராத பதக்கம்.

ஆல்ரவுண்டு கேள்விக்கு விடை 2017இல் மான்ட்ரியல் உலகப் போட்டியில் கிடைத்தது. தகுதிச் சுற்றில் வால்ட்டில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு உச்சிமுரா விலகினார். 2009 முதல் உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலுமாக யாராலும் அசைக்க முடியாத ஆல்ரவுண்டு ஆதிக்கம் அத்துடன் முடிந்தது. அந்த வெற்றிடத்தில் ஜப்பானுக்கு ஆல்ரவுண்டு பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, இதே ஷிராய்தான்: 86.431, வெண்கலம். பாமல் ஹார்ஸும் ரிங்ஸும் ஹை பாரும் அவருக்கு ஒருநாளும் வலுவானவையாக இருந்ததில்லை. அவற்றில் விழாமல் தாக்குப்பிடித்து, ஃப்ளோரிலும் வால்ட்டிலும் அள்ளிக்கொண்டு போனார். வெள்ளி வாங்கிய சீனாவின் லின் சாவ்பானுடன் வித்தியாசம் மறுபடியும் அதே 0.017. அந்த வாரமே ஃப்ளோரிலும் வால்ட்டிலும் தங்கம். வால்ட் தங்கம் 0.001 வித்தியாசத்தில். அந்த 0.017 இரண்டு முறை எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தை விதி திருப்பிக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிந்திய காலம் கேள்விக்கு வெளியே. சுருக்கமாக: 2018 தோஹாவில் ஃப்ளோரில் வெள்ளி, வால்ட்டிலும் அணியிலும் வெண்கலம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அணியின் அளவை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தார்கள். நான்கே பேர் என்றால் ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட எல்லாக் கருவிகளிலும் இறங்கவேண்டும்; ஷிராய் போன்றவர்களுக்கு இடம் சுருங்கியது. ஆன்ட்வெர்ப்பில் திறந்த அதே கதவு இப்போது எதிர்ப்பக்கம் சாத்திக்கொண்டது. காயங்களும் சேர்ந்துகொண்டன. 2021 ஜூனில், 24 வயதில், ஓய்வை அறிவித்துவிட்டுப் படித்த பல்கலைக்கழகத்திலேயே பயிற்றுநராகிவிட்டார்.

உலகப் போட்டிக்குப் போன அடுத்த பள்ளி மாணவர் 2019இல் தைகி ஹஷிமோத்தோ. அவர் பிறகு டோக்கியோவில் ஒலிம்பிக் ஆல்ரவுண்டு சாம்பியன் ஆனார். ஜப்பான் தன் பழைய பாதைக்கே திரும்பிவிட்டது என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. பாதி சரி. ஆனால் பள்ளி மாணவனை உலகப் போட்டிக்கு அனுப்பலாமா என்ற தயக்கம் 2013க்குப் பிறகு அங்கே யாருக்கும் இருந்திருக்க நியாயமில்லை.

பார்க்க விரும்பினால் ரியோவின் இரண்டு ஃப்ளோர் ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள்: ஆகஸ்ட் 8 அணி இறுதி, ஆகஸ்ட் 14 தனிநபர் இறுதி. திருகல்களை எண்ண முயலவேண்டாம், அது வீண் வேலை. ஒவ்வொரு தாவலின் முடிவிலும் பாதங்கள் எங்கே பதிகின்றன என்பதை மட்டும் பாருங்கள். 16.133க்கும் 15.366க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.